அறுபது பவுண்டில் நின்ற முள்

எங்கள் அரிசி ஆலையில் மதியத்துக்கு மேல் எல்லாமே களைத்துக் கிடக்கும். களத்தில் நெல் களைத்திருக்கும், நிழலில் நாய் களைத்திருக்கும், உமியைத் தின்று தின்று பாய்லர்கூட ஏப்பம் விடத் தெம்பில்லாமல் நிற்கும். அன்னவாசலிலிருந்து குடுமியான்மலை போகிற பஸ் வாசலில் வந்து நின்று, யாரையும் இறக்காமல் போகும். ஆலை அண்ணனுடையது. பேருக்கு என்னுடையதும். நான் கப்பலின் இயந்திர அறையில் இருந்தேன், பிறகு துபாயில், பிறகு திருப்பூரில். எங்கும் ஒட்டவில்லை. ஐம்பதை நெருங்குகையில், வேறு போக்கிடம் தோன்றாமல் இங்கே வந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்படியொரு மதியத்தில்தான் பைப் பிய்த்துக்கொண்டது.

பாய்லரிலிருந்து நெல் அவிக்கும் தொட்டிக்கு ஆவி கொண்டுபோகிற பைப். பழசு. அழுத்தம் காட்டுகிற கேஜின் முள் அறுபது பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்பது ஆலையில் கூட்டுகிறவர்களுக்கும் தெரியும். இணைப்பு ஒன்று விட்டுப்போய், ஆவி வெள்ளையாகச் சீறி, தொட்டியோரம் நின்ற, களத்து வேலை பார்க்கிற அக்காவின் வலது கையை முழங்கை வரை அவித்துவிட்டது. நெல் அவிகிற இடத்தில் கை அவிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்த அக்கா எங்கள் களத்தில் நெல் காயவைத்து, அள்ளி, அவித்து, பாதி ஆயுளைக் கழித்தவர்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்த நேரத்தில் அவர் காதில் போன் இருந்தது. சவுதியில் இருக்கிற மகன் பேசியிருக்கிறான்.

"சவுதிக்காரன் கூப்புட்டா இவனுக்குப் பாய்லரும் தெரியாது, பைப்பும் தெரியாது" என்று அண்ணன் களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "அழுத்தத்த ஏறவிட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டு நின்னிருக்கான்."

"போன் பேசுனேன், இல்லேங்கல மொதலாளி" என்றார் பாய்லர்காரர். "கண்ணு முள்ளு மேலதான் இருந்துச்சு. முள்ளு அறுவதத் தாண்டல."

"தாண்டாம எப்படிய்யா பிச்சுக்கும்?"

பாய்லர்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். போன வேகத்தில் சேதியும் போயிற்று. போன் பேசிக்கொண்டே ஒரு பொம்பளை கையை வேகவைத்தவன் என்று பேராகிவிட்டால், இந்தப் பக்கத்தில் எந்த ஆலைக்காரனும் அவரைப் பாய்லர் அருகே விடமாட்டான். உமி அள்ளுவதைத் தவிர வேறு வேலை கிடைக்காது. அந்த வயதில் உமி அள்ளினால் இடுப்பு எத்தனை மாதம் தாங்கும்? இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"கேஜ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்ணே" என்றேன். எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது.

"திருச்சிக்குக் கொண்டுக்கிட்டு அலையச் சொல்றியா? அப்பா ஏலத்துல எடுத்துப் போட்ட சனியன் ஒண்ணு ஸ்டோர்ல கெடக்குல்ல. நீதான் கப்பல்ல குப்ப கொட்டுனியே. போட்டுப் பாரு."

ஒரு நூற்பாலை மூடியபோது அப்பா பழைய பாய்லரோடு சேர்த்து எடுத்த சாமான் அது. எங்கோ கடல் கடந்து வார்த்த இரும்பு, எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. ஆலையில் அதை எடைக்கல் மிஷின் என்பார்கள். கனத்த அடிப்பலகை. ஒரு பக்கம் நிமிர்ந்த குழாய், அதற்குள் ஏறி இறங்கும் பளபளப்பான உருக்குத் தண்டு, தண்டின் தலையில் அடுக்குகிற பித்தளைத் தட்டுகள். மறுபக்கம் கேஜைத் திருகி மாட்டுகிற வாய். நடுவில் ஒரு கைப்பிடிச் சக்கரம். அதைத் திருகினால் உள்ளே இருக்கும் எண்ணெய் தண்டைக் கீழிருந்து தள்ளும். தட்டுகள் மெல்ல எழும்பி மிதக்கும். மிதக்கிற நேரத்தில் எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு என்று தட்டுகளிலேயே பொறித்திருக்கும். கேஜின் முள்ளும் அதையே சொன்னால் கேஜ் நல்லது. அவ்வளவுதான். ஒரு பொய்யைப் பிடிக்க இவ்வளவு கனமான சாமான்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு காலையில் அதைக் களத்து ஓரம் தூக்கி வைத்தோம். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அக்காவும் வந்து நின்றார். பாய்லர்காரருக்கு ஆள் அனுப்பியிருந்தோம். வந்தார். சவரம் செய்யாத முகம். அக்காவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

பாய்லரிலிருந்து கழற்றிய கேஜை மாட்டினேன். அறுபது பவுண்டுக்குத் தட்டுகளை அடுக்கினேன்.

"அறுவது பவுனு போட்டுக் கட்டிக்குடுத்த பொண்ணக்கூட இம்புட்டு நேரம் யாரும் பாத்திருக்க மாட்டாக" என்றார் அக்கா.

"பவுனு இல்லக்கா, பவுண்டு."

"எதுவா இருந்தா என்ன. எனக்கு ரெண்டுமே இல்ல."

சக்கரத்தைத் திருகினேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. இன்னும் திருகினேன். தட்டு அடுக்கு ஒரு உதறலோடு எழும்பியது. முள் நகர்ந்து, நகர்ந்து, அறுபதில் வந்து நின்றது. கோட்டின் மேல் வைத்தது போல.

"பாத்தியா?" என்றார் அண்ணன். குரலில் ஜெயித்த சந்தோஷம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "கேஜ் நல்லாத்தான் இருக்கு. இவன்தான் பாக்கல."

பாய்லர்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாள் பழகிய ஒரு முகம் தன்னைத் தெரியாது என்று சாட்சி சொன்னால் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

எனக்கும் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. நியாயம் என்று ஒன்று வந்துவிட்டது, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கலாம். தட்டுகளை எடுக்கப் போனபோது என் விரல், தானாகவே, மேல்தட்டைச் சுண்டிவிட்டது. கப்பலில் வந்த பழக்கம். மிதக்கிற தட்டைச் சுண்டினால் அது சுற்ற வேண்டும். சத்தமே இல்லாமல், பாரமே இல்லாதது போல, பார்க்கிறவனுக்குத் தூக்கம் வருகிற வரை சுற்றும். கடலில் நான் பார்த்த அழகான விஷயங்களில் அதுவும் ஒன்று.

இது சுற்றவில்லை. அரைச்சுற்று போய், மாடு முரண்டு பிடிப்பது போல் நின்றுவிட்டது.

"என்ன?" என்றார் அண்ணன்.

தட்டுகளை இறக்கிவிட்டுத் தண்டை உருவினேன். எளிதில் வரவில்லை. வந்தபோது அதன் இடுப்பைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக ஒரு பட்டை, எண்ணெயில் ஊறி ஊறி அரக்காக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே லேசான சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், மங்கலாக, கோயில் வாசனை.

"சந்தனம்" என்றேன். "குங்குமமும்."

பாய்லர்காரர் ஓரடி முன்னால் வந்தார். "நாந்தான்" என்றார். "வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு நாந்தான் அத உருவித் தொடச்சுப் பொட்டு வச்சு, திரும்பச் சொருகுவேன்."

"தண்டுலயாண்ணே வைக்கிறது?"

"மத்ததெல்லாம் ஒரே அழுக்கு. அது ஒண்ணுதான் சாமி நெத்தி மாதிரி பளபளன்னு இருந்துச்சு."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா சிரித்தார். கை வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மண்ணெண்ணெயில் தண்டைக் கழுவினேன். குழாயின் உள்ளேயும் துணி விட்டுத் துடைத்தேன். புது எண்ணெய் ஊற்றி, காற்றுக் குமிழி போக்கி, மறுபடி அறுபதுக்கு அடுக்கினேன். இந்த முறை சக்கரம் லேசாகத் திரும்பியது. தட்டுகள் உதறாமல் எழும்பின. சுண்டினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

முள் ஐம்பத்திரண்டில் நின்றது.

நான்தான் விளக்கினேன், அண்ணனுக்கு ஒரு தடவை, அக்காவுக்கு ஒரு தடவை. கேஜ் எட்டு பவுண்டு குறைத்துக் காட்டியிருக்கிறது. அன்று முள் அறுபதில் நின்றபோது பாய்லர் எழுபது பக்கம் போயிருக்கும். முதல் சோதனையில், ஒட்டிக்கொண்ட தண்டைத் தூக்க எண்ணெய் கூடுதல் அழுத்தத்தோடு முக்க வேண்டியிருந்தது. அந்தக் கூடுதலும் கேஜின் குறைவும் சேர்ந்து, சரியாக அறுபதில் போய் உட்கார்ந்துவிட்டன. இரண்டு கோளாறு கைகோத்துக்கொண்டு நியாயம் மாதிரி நின்றன.

"அப்ப முள்ளு அறுவதத் தாண்டலதான்" என்றார் பாய்லர்காரர். தனக்குத்தானே சொல்வது போல.

"தாண்டல."

"கேஜ மாத்திருவோம்" என்றார் அண்ணன். "பைப்பும் மாத்தணும். நீ நாளைக்கு வந்துருய்யா." அதற்கு மேல் ஒரு சொல் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் லாரிக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

பாய்லர்காரர் அப்போதுதான் அக்காவை நேராகப் பார்த்தார். "என் கண்ணு பொய் சொல்லல ஆத்தா."

"முள்ளு சொல்லியிருக்கு" என்றார் அக்கா. "வெந்தது என்னமோ என் கைதான்."

மறுநாள் பாய்லர்காரர் வந்தார். உமி போட்டார், புது கேஜைப் பார்த்தார். போன் வந்தால் எடுப்பதில்லை. மகன் எனக்குக் கூப்பிட்டு, அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டான். வேலையில் இருக்கிறார் என்றேன்.

ஆயுத பூசை வந்தது. மிஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை எல்லாம் தயார். சந்தனக் கிண்ணத்தோடு அவர் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, எடைக்கல் மிஷின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்கு எங்கிட்டு வைக்க தம்பி?"

அதை வைக்கிற மரப்பெட்டியின் மூடியைக் காட்டினேன். வைத்தார். திருப்தியில்லை, முகத்தில் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அக்கா வலது கையை நீட்டினார். முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"இதுக்கும் ஒண்ணு வைங்கண்ணே. இதுவும் ஆலைச் சாமான்தான்."

அவர் விரல் கிண்ணத்திலேயே நின்றது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு பாய்லர்காரர் குனிந்து, எந்த இடம் வலிக்காது என்று தேடுகிறவர் போல் தேடி, மணிக்கட்டுக்கு மேலே வைத்தார். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பூசணிக்காயை எவன்டா எடுத்தான், நேரமாச்சு, ஒடைங்கடா என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.