அடைத்த வீடு

ரப்பர் விலை விழுந்து, லாயாங் லாயாங் பக்கத் தோட்டத்தில் கணக்கெழுதும் என் கிராணி வேலை போன பிறகு, காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு குளுவாங் வந்தோம். என் சக்திக்கு ஏற்ற வாடகையில், மலையடிவாரத்துப் பலகை வீட்டு வரிசையில் ஒரே ஒரு வீடு காலியாக இருந்தது. அதுவும் பூட்டிக் கிடந்தது.

சாவி அந்த வரிசையின் காவல்காரரிடம் இருந்தது. ஒடிசலான உடம்பு, கட்டம் போட்ட கைலி, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தே பேசுவார்.

"இதுல இருந்த அம்மா அவிட்டத்துல செத்துப்போச்சு. ஆறு மாசம் அடைச்சு வைக்கணும். தர முடியாதுங்க."

"நான் படிச்சவன் அண்ணே. நட்சத்திரத்தையெல்லாம் நம்புறதில்ல."

"இப்ப நம்பமாட்டீங்க கிராணியாரே. அந்தப் புள்ளைக்கு ஒன்னு ஆயிட்டா நம்புவீங்க."

என் மனைவி அழத் தொடங்கினாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. அவர் பக்கத்திலிருந்த தம் வீட்டுக்குள் போய்ப் பாயையும் சோற்றுப் பானையையும் எடுத்துவந்தார்.

"என் வீட்டுல இருங்க. நான் ஒண்டிக்கட்டை, எனக்கென்ன லா" என்று சொல்லி, அடைத்த வீட்டைத் திறந்து உள்ளே போனார்.

மகள் எழுந்து நடக்கத் தொடங்கிய வாரம் அவர் காய்ச்சலில் படுத்தார். பிறகு எழவில்லை. மலேரியா என்றார், வந்து பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். யார் கேட்டாலும் நானும் மலேரியா என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.