தண்ணீர் குடிக்காத விசில் அக்கா

விசில் அக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். அவள் விசில் ஊதினால் அவள் வண்டி மட்டுமல்ல, முன்னால் போகிற வண்டியும் நின்றுவிடும். ஒருமுறை எதிரே வந்த போலீஸ் ஜீப் நின்று, உள்ளே இருந்தவர் டிக்கெட் எடுக்கச் சட்டைப் பையைத் துழாவினாராம். டிப்போவில் அதை நம்பாதவர்கள் உண்டு, மறுத்தவர்கள் இல்லை.

ஆனால் அவளுடைய உண்மையான பெருமை விசில் அல்ல. காலையில் வண்டி ஏறினால் டூட்டி முடிந்து இறங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள் என்பதுதான். காரணம் சிதம்பர ரகசியம் ஒன்றும் இல்லை. வண்டி போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தங்களில் ஆண்களுக்குச் சுவர் இருந்தது. பெண்களுக்கு ஓரிடத்தில் கழிப்பறை இருந்தது, அதற்குக் கதவு இல்லை. இன்னோரிடத்தில் கதவு இருந்தது, பூட்டும் இருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெண் கண்டக்டர்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது: வாயை நனை, கொப்பளி, துப்பு, விழுங்காதே. முதலில் அது அவஸ்தையாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. அதற்கப்புறம் பெருமையாகிவிட்டது. விசில் அக்காவிடம் ஒட்டகங்கள் வந்து பாடம் கேட்டுவிட்டுப் போனதாகக்கூடப் பேச்சு உண்டு.

டூட்டி ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. காலையில் பிரஷர் மாத்திரையை விழுங்க ஒரு வாய், சாப்பிடும்போது விக்கல் வந்தால் ஒரு வாய், அவ்வளவுதான்.

கணவர் போனபிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி. எதிரே பேருந்து நிறுத்தம். மாலை ஆனால் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே வருகிற கண்டக்டர்களைத் திருத்துவாள். "ஏம்ப்பா, அந்த அம்மா இன்னும் ஒரு காலைத் தூக்கவே இல்ல, அதுக்குள்ள ஊதறியே, வீட்ல அடுப்புல பால் வச்சிட்டு வந்தியா?" அவர்களும் மேலே பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள். இதைவிட நல்ல ஓய்வுக்காலம் யாருக்கும் வாய்க்காது என்பது அவள் எண்ணம்.

மகன் நகரத்தின் மறுகோடியில், தரைத்தள வீட்டில் மனைவியோடு இருந்தான். நல்லவன். அதுதான் சிக்கல். நல்லவன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். ஏற்கெனவே ஒருமுறை குளியலறை வாசலில் அவள் சரிந்து விழுந்தபோதே சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவை நீ விழுந்தேன்னு கேள்விப்பட்டேன்னா, உன்னை என் வீட்டுக்கு மூட்டை கட்டிடுவேன்."

இன்னொரு தடவை வந்தது. அதிகாலையில் வழக்கம்போல் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தாள். கண் இருட்டியது, தரை சாய்ந்தது, அலமாரி முனை கன்னத்தில் இடித்தது. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரி ஓடி வந்தாள். கதவைத் திறக்க விசில் அக்கா தவழ்ந்துதான் போகவேண்டியிருந்தது.

மகன் வந்தபோது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அவன் நேராகப் போய்ப் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினான்.

"டேய், எதுக்கு அது?"

"உன் துணிமணி வைக்க."

"வண்டில எத்தனை சடன் பிரேக் பார்த்தவ நான். ஒரு தடவை ஆடினதுக்குப் பெட்டியா?"

"வண்டில பிடிச்சுக்கக் கம்பி இருந்திச்சு. இங்க என்ன இருக்கு? நான் இருக்கேனா பக்கத்துல?"

 மகன் வீடு அவளுக்குத் தெரியும். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். "டாக்டர் சொல்லட்டும். அவங்க போகச் சொன்னா நானே பெட்டியைத் தூக்கிட்டு வரேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை. "பாட்டி, தலை சுத்துதா?"

"அக்கான்னு கூப்பிடு, சுத்தாது."

சுற்றியது. நிற்கவைத்ததும் பிரஷர் சர்ரென்று இறங்கியிருந்தது. டாக்டரம்மா அளவுகளைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல விசில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவில்லாத கழிப்பறையில் தொடங்கி மொத்தக் கதையையும் சொன்னாள். பாராட்டு வரும் என்று நினைத்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"வயசானா உடம்புல தண்ணி குறைஞ்சாலும் தாகம் சரியாத் தெரியாது. நீங்க அதை முன்னாடியே அடிச்சுத் துரத்திட்டீங்க. அதோட நீங்க சாப்பிடற மாத்திரை தண்ணியை வெளியேத்தற மாத்திரை. உள்ள ஒண்ணும் இல்லாம அது எதை வெளியேத்தும்? எழுந்து நிக்கறப்ப ரத்தம் கால்ல தங்கிடுது, தலைக்கு ஏறல. அதான் விழறீங்க."

"அப்போ மாத்திரையை நிறுத்திடறேன்."

"நீங்களா நிறுத்தக் கூடாது. அளவை நான் மாத்தித் தரேன். இதயம், கிட்னி எல்லாம் நல்லா இருக்கு, அதனால தைரியமாக் குடிக்கலாம். பகல்ல கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, படுக்கப் போற நேரத்துல குறைச்சுக்கங்க. எழுந்திரிக்கறப்ப துள்ளாதீங்க. உட்காருங்க, காலைத் தொங்கப்போட்டுப் பாதத்தை ஆட்டுங்க, எதையாவது பிடிச்சிட்டு நில்லுங்க, அப்புறம் நடங்க."

"அவ்வளவு நேரத்துல நான் ஒரு வண்டி டிக்கெட்டே போட்டுடுவேன்."

"இப்ப வண்டியில யாரும் இல்லையே" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. நிக்கறப்ப பிரஷர் இறங்காம இருந்தா, தனியா இருக்கறதப் பத்திப் பேசலாம்."

மகன் அரைமனதாகத் தலையாட்டினான். பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. கதவோரமாக வைத்துவிட்டுப் போனான். ஒரு பெரிய பாட்டிலும் வாங்கி வைத்தான்.

தினமும் மாலையில் போன் வரும். "குடிச்சியா?"

"குடிச்சேன்டா. பாட்டில் காலி."

பாட்டில் காலிதான். பால்கனித் தொட்டிகளுக்குத்தான் அவ்வளவும் போனது. அந்த வாரம் செடிகள் வளர்ந்த வேகத்தில், எதிர் மாடிக்காரர் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டியதாயிற்று. குடிக்கவே கூடாது என்று அவளுக்குப் பிடிவாதம் ஒன்றும் இல்லை. நாலு வாய்க்குமேல் போனால் தொண்டை தானாக மூடிக்கொண்டது. 'இன்னும் ட்ரிப் பாக்கி இருக்கு' என்று உடம்பே சொன்னது.

ஒரு மாலை கீழே ஒரு வண்டி நிற்காமல் போக, அதட்டுவதற்கு நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்தாள். கண் முன்னால் தெரு கறுத்துப்போனது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பால்கனியின் இடுப்பளவுக் கம்பியில் வயிறு மோத, உடம்பின் பாதி வெளியே சாய்ந்தது. எப்படிப் பிடித்தாள், எப்படிப் பின்னால் சரிந்து உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.  யாரும் பார்க்கவில்லை. மகனிடம் மறைத்துவிடலாம், எளிதுதான். ஆனால் கம்பி இன்னும் நாலு விரல் தாழ்ந்திருந்தால், மகனுக்கு அந்தப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் தையல்காரியைக் கூப்பிட்டாள். "இங்க உட்காரு. நான் குடிக்கறேனா, செடிக்கு ஊத்தறேனான்னு பாரு."

"போலீஸ் வேலையா அக்கா? மெஷின்ல பாதி ரவிக்கை நிக்குது."

"இங்க கொண்டுவந்து தை."

வீட்டுக்குள் குடிப்பது அப்படி ஒருவழியாகச் சரிப்பட்டது. வெளியே போவதுதான் வில்லங்கம். காய் வாங்கப் போகிற நாளில் பழைய பயத்தில் பாட்டிலைத் தொடமாட்டாள். அதற்கும் அவளுக்குத் தெரிந்த வேலையையே செய்தாள்: வழித்தடம் போட்டாள். வீட்டிலிருந்து நூலகம், நூலகத்திலிருந்து துணிக்கடை, துணிக்கடையிலிருந்து சந்தை. ஒவ்வொன்றிலும் பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று நேரில் போய் இழுத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் சரியில்லாத சந்தையை நீக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளியிருந்த காய்கறிக் கடைக்கு மாறினாள். ஒரு நிறுத்தத்தில் குடிப்பது, அடுத்த நிறுத்தத்தில் இறக்குவது. துணிக்கடைப் பெண்கள், இந்த அம்மா அடிக்கடி வருகிறாள், ஒரு புடவைகூட எடுக்கமாட்டேன் என்கிறாள் என்று குழம்பிப்போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் மறுபடி பட்டையைச் சுற்றினாள். படுத்து, நின்று. விசில் அக்கா நின்றபோது மகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான், தாங்கிப் பிடிப்பதற்கு. தேவைப்படவில்லை. கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"தனியா இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா குளியலறையில பிடிக்கறதுக்குக் கம்பி வேணும். பக்கத்துல யார்கிட்டயாவது ஒரு சாவி இருக்கணும்."

விசில் அக்கா முகத்தைச் சுளித்தாள். "என் வீட்டுச் சாவியை ஊராருக்குக் குடுக்கறதா?"

"அன்னைக்குத் தவழ்ந்து போனியே, அதை நினைச்சுப் பாரு" என்றான் மகன்.

விசில் அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு பால்கனியில் நடந்ததையும், செடிகளுக்குப் போன தண்ணீரையும் தானாகவே சொன்னாள். மகன் முகம் வெளுத்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பியும் துளைபோடும் மெஷினுமாக வந்தான். தையல்காரி சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "இனிமே அக்கா வீட்ல என்ன சமையல்னு நானே வந்து பார்த்துப்பேன்" என்றாள். குளியலறையில் சிமெண்டுத் தூள் பறந்தது. பால்கனியில் நாற்காலியைக் கம்பியிலிருந்து தள்ளிச் சுவரோரம் போட்டான். வேலை முடிந்ததும் விசில் அக்கா குளியலறைக்குள் போய், முழு பாரத்தையும் போட்டுக் கம்பியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஒரு பக்கம் நன்றாகவே இறங்கியிருந்தது.

"கோணலா இருக்காம்மா?"

"இருக்கட்டும் விடு. பெட்டியைப் பரண்மேல ஏத்திட்டுக் கிளம்பு, உன் வீட்ல தேடுவாங்க."