டோஃபுக் கடை முக்கில் கொட்டிய பனி

"பனி தள்ளுறவனுக்கு முள்ளங்கி ஊறுகா, தீ அணைக்கிறவனுக்குத் திட்டு. நல்ல ஊருப்பா இது."

குனிமாட்சு இதை எங்கே சொல்லவில்லை என்று கேளுங்கள். நிலையத்தில் பூட்ஸ் மாட்டும்போது சொல்வார். பொதுக் குளியலறையில் கழுத்துவரை வெந்நீரில் கிடந்துகொண்டு சொல்வார். முடிவெட்டுகிறவர் சவரக்கத்தியைத் தொண்டையில் வைத்திருந்தால், கத்தி விலகும்வரை பொறுத்திருந்து சொல்வார். நிலையத்து இளவட்டங்கள் அவர் வாயைத் திறக்கும் தினுசைப் பார்த்தே, அவர் குரலிலேயே, மூக்கால் ஒரு பெருமூச்சையும் சேர்த்து, முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "பாத்தியா, உங்களுக்கே தெரியுது" என்பார்.

கமினுமா என்ற அந்த ஊரின் தீயணைப்பு நிலையத்தில் அவர் குழுத் தலைவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவர். இப்போது ஓய்வுக்குச் சில வருஷங்களே பாக்கி. குட்டையான ஆள், அகலமான தோள், எதையோ பறிகொடுத்தது போன்ற முகம்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்கள் ஊரில் பலர் உண்டு. ஆனால் அவர் சொன்னது ஒருவனைத்தான். ஹசேபே. மனைவி சயோகோவின் கூடப்பிறந்த தம்பி. கோடையில் கான்கிரீட் லாரி, பனிக்காலம் வந்தால் ஆரஞ்சு நிறத்தில் பனி தள்ளும் வண்டி. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பும் உருப்படியாகத் தேறாதவன். தீயணைப்புத் தேர்வு எழுதி முதல் சுற்றிலேயே வெளியே வந்தவன். அதை குனிமாட்சு மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

அப்பேர்ப்பட்டவன் விடிகாலையில் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினால், மதில்மேல் துணியில் சுற்றிய டப்பாக் காப்பி சூடு ஆறாமல் காத்திருக்கும். அடுத்த வீட்டில் ஊறுகாய். அதற்கடுத்த வீட்டில் ஆறேழு ஆரஞ்சுப் பழம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அவன் வண்டியைப் படம் வரைந்து, கீழே "நன்றி" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். சக்கரம் ஐந்து இருந்தது, அது வேறு விஷயம். எல்லாவற்றையும் அவன் ஒரு பையில் அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவான்.

"தின்னு முடியலக்கா. அத்தானுக்கு முள்ளங்கின்னா பிடிக்கும்ல, வச்சுக்கோ."

ஆக, குனிமாட்சு தினமும் சோற்றோடு கடித்தது அந்த ஊறுகாயைத்தான். பொருமிக்கொண்டே கடிப்பார். இன்னும் இரண்டு துண்டு கேட்பார்.

அவர் பக்கத்துக்கு வந்ததெல்லாம் தொலைபேசி.

"ஹலோ, பேரெல்லாம் சொல்ல மாட்டேன். உங்காளுங்க ரெண்டு பேரு யூனிஃபார்மோட கடையில நின்னு சோத்து உருண்டை வாங்குறாங்க. வேலை நேரம்தானே இது?" இது கீச்சுக் குரல்.

"உங்க சைரனுக்கு என் பூனை சாப்பிட மாட்டேங்குது." இது இழுவைக் குரல்.

"பூனைகிட்ட எங்க மன்னிப்பைச் சொல்லிடுங்கம்மா" என்று ஒரு தடவை குனிமாட்சு பதில் சொல்லி, அதற்கும் தனியாக ஒரு புகார் வந்தது. கடைசியில் தலைமையகம் ஒரு பலகை செய்து கொடுத்தது. கடை வாசலில் நிறுத்தும்போது வண்டியில் தொங்கவிட வேண்டும்: "உணவு வாங்குகிறோம். அழைப்பு வந்தால் உடனே கிளம்புவோம்." பலகை கோணலாகத் தொங்குகிறது என்று மறுநாளே ஒருவர் கூப்பிட்டார்.

அந்த வருஷம் பனி கொட்டியது சாதாரணக் கொட்டல் இல்லை. ஒரு வாரம் வானம் வாயை மூடவில்லை. கீழ்த்தள ஜன்னல்கள் மறைந்தன. ஜனங்கள் கூரைமேல் ஏறித் தள்ளியது போக, தள்ளிய பனியே கூரை உயரத்துக்கு நின்றது. தீயணைப்பு ஆட்கள் ஷவலைத் தூக்கிக்கொண்டு, தெருத் தெருவாகச் சிவப்புக் கம்பங்களைத் தேடிப் போனார்கள். கம்பம் தெரிகிற இடத்தில் தோண்டினால் அடியில் தீயணைப்புக் குழாய் இருக்கும். தோண்டிய பனியைத் தெருவோரம் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் தள்ள வேண்டும். ரோட்டில் மட்டும் கொட்டக்கூடாது. அது இந்த ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

சோயாக் கட்டி விற்கும் டோஃபுக் கடை முக்குக்கு வந்தபோது வாய்க்கால் அடைத்துக் கிடந்தது. குனிமாட்சுவுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"ரோட்டு ஓரமாக் கொட்டுங்கப்பா."

ஓகதா என்ற இளைஞன் ஷவலை அந்தரத்தில் நிறுத்தினான். "அண்ணே, ரோட்டுலயா?"

"காலையில மகாராஜா வண்டி வரும்ல. அள்ளிட்டுப் போகட்டும். காப்பி குடிக்கிறான்ல, வேலையும் செய்யட்டும்."

கொட்டினார்கள். மறுநாள் விடிவதற்கு முன்னால் ஹசேபே வந்தான். வந்தவன் அந்தப் பனி மொத்தத்தையும் தள்ளித் தள்ளி, தோண்டி வைத்த குழாய்மேலேயே ஏற்றி, இறுக்கிப் பூசிவிட்டுப் போனான்.

அன்று காலையிலேயே அந்த முக்கில் இமானோ அம்மாளின் கொட்டகை பற்றியது. பழைய அடுப்பிலிருந்து பொறி. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது; ஆனால் வண்டித் தொட்டித் தண்ணீர் தீர்ந்தபோது குழாய் பாறையாய் இறுகிய பனிக்குள் கிடந்தது. ஷவலால் கொத்தினார்கள், கடப்பாரையால் குத்தினார்கள். குழாய் கிடைத்தபோது கொட்டகைக்குக் கூரை இல்லை. பக்கத்து வீட்டைக் காப்பாற்றினார்கள் என்பதை யாரும் படம் எடுக்கவில்லை. கொட்டகை எரிய எரிய, ஐந்து ஆட்கள் குனிந்து பனி தோண்டுவதை ஒருவர் மாடியிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டார்.

அப்புறம் நிலையத்துத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை.

"தீயணைக்கச் சொன்னா பனிமனுஷன் செஞ்சு விளையாடுறீங்களா?"

"குழாய் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு எதுக்கு ஹெல்மெட்?"

"எங்க ஹசேபே தம்பியைப் பாத்துக் கத்துக்கோங்க. ராத்திரி பகல்னு பாக்காம உழைக்கிறான்."

முதல் இரண்டையும் குனிமாட்சு தாங்கிக்கொண்டார். மூன்றாவதுதான் நெஞ்சில் முள்ளாய் ஏறிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தில் விளக்கக் கூட்டம் என்று அறிவித்தார்கள். அன்றைய பொறுப்பு குனிமாட்சு என்பதால் பேச வேண்டியதும் அவர்தான். நிலையத் தலைவர் அவரைத் தனியே அழைத்து, பல்வலிக்காரர் மாதிரி உதட்டை அசைக்காமல் சொன்னார்: "'வருந்துகிறோம்'னு மூணு தடவை சொல்லு. 'தப்பு'ன்னு ஒரு தடவைகூடச் சொல்லாதே."

குனிமாட்சு வேறு கணக்கு போட்டு வைத்திருந்தார். பனி வண்டிதான் மூடியது என்று ஒரே ஒரு வார்த்தை. அது பொய்யும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் நிலையத்தின் மானம் திரும்பிவிடும். மதில்மேல் காப்பியும் ஆறிப்போய்விடும். அதை நினைத்துப் பார்க்க அவருக்கு இனிப்பாக இருந்தது.

சனிக்கிழமை சாப்பாட்டில் சயோகோ கேட்டாள்: "நாளைக்கு என்ன பேசப் போறீங்க?"

"நடந்ததை. பனி வண்டி வந்துச்சு, குழாயை மூடிச்சு."

"வண்டி தானா வந்துச்சா? ஓட்டினவனுக்குப் பேரு இல்லையா?"

"பேரை நான் எதுக்குச் சொல்றேன்? ஊருக்கே தெரியும்."

"அந்தப் பனி ரோட்டுக்கு எப்படி வந்துச்சுன்னும் ஊருக்குத் தெரியுமா?"

குனிமாட்சு சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்க்கச் சொன்னபோது அவரே உளறியிருந்த விஷயம் அது.

"கொட்டுறது வேற, தள்ளுறது வேற" என்றார் கிண்ணத்துக்குள்ளிருந்து.

"தாராளமாச் சொல்லுங்க. சொல்லிட்டு ராத்திரிச் சாப்பாட்டை அந்தக் கூடத்துலயே முடிச்சுக்கோங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

"எனக்கும் இருக்கிறது ஒரே பேரு."

"அதை அவனா கெடுத்தான்?"

கூடம் நிரம்பி வழிந்தது. வாசலில் பூட்ஸ் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. முன்வரிசைப் பாயில் இமானோ அம்மாள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். குனிமாட்சு எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு நடந்ததுக்கு நாங்க ரொம்ப வருந்துறோம்."

நிலையத் தலைவர் மடியில் ஒரு விரலை மடக்கினார்.

"அந்தக் குழாயை முந்தின நாளே நாங்க தோண்டி வச்சோம். அது எப்படித் திரும்ப மூடிச்சுன்னா..."

கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. ஆரஞ்சு ஜாக்கெட். தொப்பியில் பனி. ஹசேபே வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். வந்தவன் யாரையும் பார்க்கவில்லை. இமானோ அம்மாளுக்கு முன்னால் போய் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் வைத்தான்.

"மூடினது நான்தாம்மா. அங்க குழாய் இருக்குன்னு எனக்குத் தெரியும். வண்டி முன்னால இருக்கிற பிளேடைத் தூக்கியிருக்கணும். கண்ணு சொருகிடுச்சு. அத்தான் மேல கோவப்படாதீங்க."

கூடத்தில் ஒரு 'ச்சு' கொட்டும் சத்தம் ஓடியது.

"பாவம், எத்தனை ராத்திரி தூங்கலையோ."

"வந்து ஒத்துக்கிட்டான் பாருங்க. அதுக்கு மனசு வேணும்."

பின்னால் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். இமானோ அம்மாள் அவன் தோளைத் தட்டினாள். "எந்திரிப்பா. கொட்டகையில எரிஞ்ச ஊறுகாய்ப் பீப்பாயில பாதி உனக்குக் குடுக்கத்தான் வச்சிருந்தேன்." யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது.

குனிமாட்சு நின்றபடியே இருந்தார். அவர் சொல்ல வந்த வார்த்தை அவருக்கு முன்னாலேயே சொல்லப்பட்டாயிற்று. அவர் நிலையம் தப்பித்தது. வீட்டில் ராத்திரிச் சாப்பாடும் தப்பித்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கைதட்டல் காதுக்குள் போய் எரிந்தது. ஒரு தப்பு செய்தால் அதற்கும் இவனுக்குத்தானா? அந்தத் தப்பாவது இவனுடையதா?

"நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினார்கள்.

"அவன் பனி இல்ல அது. என் பனி. வாய்க்கால் அடைச்சிருந்துச்சு, நான்தான் ரோட்டுல கொட்டச் சொன்னேன். ஓகதா 'ரோட்டுலயா'ன்னு கேட்டான். நான் கேக்கல. இவன் தள்ளினது நான் கொட்டினதை. தப்பு என்னோடது."

நிலையத் தலைவர் மடக்கிய விரலை விரித்து, அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

குனிமாட்சு காத்திருந்தார். கைதட்டலுக்கு என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனாலும் காத்திருந்தார். யாரும் 'ச்சு' கொட்டவில்லை. யாரும் கைக்குட்டை எடுக்கவில்லை. மூன்றாம் வட்டாரத்து யொகொஸாவா கிழவர் மட்டும் கையை ஊன்றி எழுந்தார்.

"ரோட்டுல பனி கொட்டக்கூடாதுன்னு போன வருஷம் என் வீட்டுக் கதவைத் தட்டித் துண்டு நோட்டீஸ் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"அரைமணி நேரம் பேசினீங்க."

"பேசினேன்."

அதற்கப்புறம் திட்டு சரளமாக வந்தது. கீச்சுக் குரல் யார், இழுவைக் குரல் யார் என்று அன்றுதான் அவருக்கு முகத்தோடு தெரிந்தது. எல்லோரும் ஓய்ந்தபின் இமானோ அம்மாள் பேசினாள்.

"யாரு குனிஞ்சாலும் என் கொட்டகை நிமிரப் போறதில்ல. அடுத்த தடவை எங்க கொட்டுவீங்க, அதைச் சொல்லுங்க."

"முதல்ல வாய்க்காலைக் குத்தித் திறப்போம். அப்புறம்தான் குழாயைத் தோண்டுவோம்."

"இது முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்."

அவள் தலையசைத்தாள். அது மன்னிப்பா, கணக்குத் தீர்த்ததா என்று குனிமாட்சுவுக்கு விளங்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் காரைச் சுற்றி வேறு கார்கள் நெருக்கி நின்றன. ஹசேபே பனி வண்டியின் கதவைத் திறந்தான். பக்கத்தில் உதவியாளர் இருக்கை காலியாக இருந்தது.

"ஏறுங்க அத்தான். டோஃபுக் கடை வழியாத்தான் போறேன்."

ஏறினார். இத்தனை வருஷத்தில் அதில் அவர் ஏறியதே இல்லை. உயரமாக இருந்தது, இதமாக இருந்தது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டி தெருவுக்குள் திரும்பியது. மதிலோரம் ஷவலோடு நின்ற ஒரு பெண் நிமிர்ந்து கையசைத்தாள். அடுத்த வீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பிள்ளைகள் பனிக்குன்றின்மேல் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்கள்.

"நான்தான் ஒத்துக்கிட்டேன்ல, நீங்க எதுக்கு அத்தான் எந்திரிச்சீங்க?" என்றான் ஹசேபே. கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "சரி விடுங்க. கையைத் தூக்குங்க, உங்களுக்கும் சேத்துதான் காட்டுறாங்க."

குனிமாட்சு கதவுப் பிடியைப் பிடித்தார்.

"வண்டியை நிறுத்து மச்சான். டோஃபுக் கடை முக்குல பிளேடைத் தூக்கிக்கோ, இன்னைக்குக் காலையில நானே வாய்க்காலைத் திறந்து குழாயைத் தோண்டி வச்சிருக்கேன். நான் இறங்கி நடக்கிறேன். உன் பக்கத்துல உக்காந்து பாதிக் கையசைப்பு வாங்குறதுக்குப் பதிலா, தனியா நடந்து போய் முழுத் திட்டையும் நானே வாங்கிக்கிறேன்."