இரண்டு தக்காளிக்குக் கொசுறு

தனியாக இருக்கிற பெண்ணுக்கு ரூம்தான், வீடு கிடையாது என்பது என் அண்ணனின் கட்சி. அவன் கெட்டவன் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து நான் எழுதப்போன பரீட்சைக்கெல்லாம் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவன் அவன்தான். ஆனால் முப்பத்தெட்டு வயதில் எனக்குக் கிண்டியில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், அவன் செய்த முதல் காரியம் மேடவாக்கத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் எனக்குக் கட்டில் பிடித்தது. அறை இல்லை, கட்டில். நான்கு கட்டில் போட்ட அறையில் ஒன்று. இரவு ஒன்பதுக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அடுப்பு கூடாது.

"நான் வீடு பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"ஒத்தை ஆளுக்கு எதுக்குட்டி வீடு? ரூம் போதாதா?"

எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. விவரம் தெரிந்ததிலிருந்து அம்மாவின் அடுப்பில் சமைத்தேன். அண்ணனுக்குக் கல்யாணமானதும் அண்ணியின் அடுப்பில் சமைத்தேன். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். இருந்தாலும் உப்புப் போடும்போது யாராவது ஒருத்தர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். எனக்கென்று ஒரு அடுப்பு, ஒரு சாவி, என் இஷ்டத்துக்குக் கொதிக்கிற ரசம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை அவனிடம் அப்படியே சொன்னேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தான். வெள்ளிக்கிழமை சென்னையில் இறங்குகிறேன். ஞாயிறு சாயங்காலத்துக்குள் வீடு கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் விடுதி, அப்புறம் நான் மூச்சு விடக்கூடாது.

எந்த ஏரியா என்று கேட்டால் சென்னையில் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். போர் தண்ணீர் உப்பா, மழைக்கு முட்டிவரை நிற்குமா, ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாமா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் தனியாக இருக்கிறவளை அந்தத் தெரு எப்படிப் பார்க்கும் என்று வீடு தேடுகிற எந்த ஆப்பிலும் போட்டிருக்கவில்லை. அதற்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். காய்கறிக்கடையில் போய் இரண்டே இரண்டு தக்காளி வாங்குவது. கொசுறு கிடைக்கிறதா என்று பார்ப்பது.

காய் வாங்கினால் மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு தண்டு மல்லித்தழையும் சும்மா விழ வேண்டும். எங்கள் ஊரில் அது விழுகிறவரை யாரும் கடையை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் இரண்டு கிலோ வாங்குகிறவர்களுக்கு எந்தக் கடையிலும் கொசுறு உண்டு. இரண்டு தக்காளி வாங்குகிறவளுக்கு உண்டா என்பதுதான் என் கேள்வி. என்ன பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வெகு தீவிரமாக இருந்தேன்.

விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு மேடவாக்கத்திலேயே ஆரம்பித்தேன். தண்ணீர் லாரி ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அடுக்குமாடிகளுக்குக் கீழே ஏசி போட்ட பெரிய கடை. என் இரண்டு தக்காளியையும் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டினாள் அங்கிருந்த பெண்.

"கறிவேப்பிலை?" என்றேன்.

"அது தனி பாக்கெட் மேடம். செகண்ட் ரேக்ல இருக்கும்."

போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் விலையோடு படுத்திருந்தது. கறிவேப்பிலைக்கு பில் போடுகிற இடத்தில் நான் எப்படிக் காலம் தள்ளுவேன்? என் பட்டியலில் மேடவாக்கத்தை அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை பம்மல். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நெரிசலான தெருக்கள், ஷேர் ஆட்டோக்கள், எங்கிருந்தோ இரும்பு அறுக்கிற சத்தம். கடைக்காரர் மல்லித்தழையில் நாலு தண்டு கிள்ளிப் போட்டார். பரீட்சையில் பாஸ். ஆனால் வீட்டுக்காரர்களிடம் நான் பெயில். 'டு லெட்' என்று தொங்கிய ஒவ்வொரு அட்டைக்கும் கீழே 'ஃபேமிலி மட்டும்' என்று எழுதியிருந்தது. ஒருவர் மட்டும் கதவைத் திறந்து பேசினார்.

"சார் எங்க ஒர்க் பண்றாரு?"

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரர்மா."

"அப்படி யாரும் இல்ல சார்."

கதவு பாதிக்கு வந்துவிட்டது. மீதிப் பாதியை மரியாதைக்காகக் கொஞ்சம் மெதுவாகச் சாத்தினார்.

அண்ணனிடம் போனில் சொன்னபோது அவன் யோசனை சொன்னான். "துபாய்ல இருக்காருன்னு சொல்லுட்டி. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

"இல்லாத புருஷனை நான் எதுக்கு துபாய்க்கு அனுப்பணும்? விசாவுக்கு நீ அலைவியா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வைக்கும்போது, "நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றான்.

அன்று சாயங்காலமே பொத்தேரிக்குப் போனேன். அது கல்லூரிப் பிள்ளைகளின் ராஜ்யம். கடைகளில் பிரெட், முட்டை, நூடுல்ஸ் தவிர வேறு தாவரமே இல்லை. தக்காளி கேட்டால் சாஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினார்கள். டீக்கடை வாசலில் காட்டுக்கத்தலாகப் பேசிக்கொண்டிருந்த பையன்கள் என்னைப் பார்த்ததும் கப்சிப். ஒருத்தன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "குட் ஈவினிங் மேம்" என்றான். ஹாஸ்டல் வார்டன் என்று நினைத்துவிட்டான். வருஷம் முழுக்க அந்த மரியாதையைத் தாங்க என்னால் முடியாது.

ஞாயிறு மதியம் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர்ப் பக்கம் ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது கெடு முடியச் சில மணி நேரம்தான் பாக்கி இருந்தது. அன்று காலையில் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும்கூடக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்ததால் பை கனத்தது. வாங்கிய தக்காளியை விடுதியில் வைக்க இடமில்லை, சமைக்கவும் முடியாது, எறியவும் மனமில்லை. எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் காய் விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும்.

"ரெண்டு தக்காளி குடுங்க அக்கா."

"ரெண்டு கிலோவா?"

"ரெண்டு தக்காளி."

ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு ஆளா?"

"ஆமா."

தக்காளியைத் தானே பொறுக்கி எடுத்துப் போட்டாள். அதற்கு மேல் ஒரு கை நிறையக் கறிவேப்பிலை, மல்லித்தழை, இரண்டு பச்சைமிளகாய். நான் முழித்தேன்.

"இன்னாமா பாக்குற? ஒரு ஆளுன்னா தாளிக்க வேணாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரமாக, "இங்க வீடு ஏதும் காலியா இருக்கா?" என்று கேட்டேன். "அதோ பச்சை கேட்டு. மாடி காலியாத்தான் கீது. அந்தம்மா கொஞ்சம் கத்தும், கண்டுக்காத" என்றாள்.

பச்சை கேட்டுக்காரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அந்த இடத்தில் நெல் விளைந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கிற குடும்பம். வயல் போனபின் கட்டிய வீடுகளில் அது ஒன்று. அவர் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, பையை.

"எவ்ளோ தக்காளி. பெரிய குடும்பமாம்மா?"

ஒரு நொடி துபாய்க்காரர் நினைவுக்கு வந்தார். 'ஆமா' என்று ஒரு சொல் போதும், மாடி எனக்கு. சொல்லியிருந்தால் அப்புறம் வருஷம் முழுக்க அந்த வீட்டில் அவருக்கும் சேர்த்துத்தான் நான் பொய்ச்சோறு பொங்க வேண்டும்.

"நான் மட்டும்தான்ம்மா. கல்யாணம் ஆகல."

"ஒத்தை ஆளா? நாங்க ஃபேமிலிக்குத்தானே வுடறது" என்றவர், சந்தேகத்தோடு மறுபடி பையைப் பார்த்தார். "ஒத்தை ஆளுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தக்காளி?"

வேறு வழியில்லை. மேடவாக்கத்து ஸ்டிக்கரிலிருந்து பொத்தேரி சாஸ் பாட்டில்வரை எல்லாவற்றையும் கேட்டில் நின்றபடியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு அந்தக் கறிவேப்பிலைக் கொத்தை வெளியே எடுத்தார்.

"இது யாரு குடுத்தது? முனைல நிக்கிறாளே, அவளா?"

"ஆமாம்மா."

"ரெண்டு தக்காளிக்கா?" அவர் குரல் ஏறியது. "வருஷக்கணக்கா அவகிட்ட கிலோ கிலோவா வாங்கறேன். எனக்கு எண்ணி நாலு இலை போடுவா. கேட்டா விலை ஏறிப்போச்சுன்னு பேசுவா. உனக்கு மட்டும் இவ்ளோவா?"

போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவர் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அவ லேசுல யாருக்கும் கை நீட்டமாட்டா. ஆளப் பாத்துத்தான் குடுப்பா" என்றார், ஏதோ தனக்குத்தானே சொல்வதுபோல. கேட்டைத் திறந்தார். "உள்ள வா. இந்தத் தக்காளி நாளைக்குள்ள அழுகிடும். மேல கேஸ் இல்ல. கீழ வந்து தொக்கு கிளறிடு, அதுக்குள்ள நான் மாடிய பெருக்கிடறேன். எங்க வூட்டுக்காரர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

முன்பின் தெரியாத ஒருத்தர் அடுப்பில், முதல் தடவையாக, உப்புப் போடும்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தொக்கில் பாதியை அவருக்கு வைத்துவிட்டு, மீதியையும் சாவியையும் வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். பொழுது இன்னும் சாயவில்லை. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ரூம் கெடச்சுட்டா?"

"வீடு."

"சரி சரி, ரூமுக்குத் தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு பாரு."

அவனைத் திருத்த முடியவில்லை. தினமும் போன் செய்வான். "ரூம்ல இருக்கியா?" என்பான். "வீட்டுல இருக்கேன்" என்பேன். பால் காய்ச்சி வீட்டுக்காரம்மாவுக்கும் வண்டிக்காரிக்கும் கொடுத்ததைச் சொன்னபோதும், "ரூமுக்கெல்லாமா பால் காய்ச்சுவாங்க?" என்று கேட்டவன் அவன். மூன்று மாதமாக இந்தச் சண்டை நடந்தது. வெளியே சிரித்தாலும் அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது.

போன மாதம் ஏதோ வேலையாகச் சென்னைக்கு வந்தவன், விடிகாலை ரயிலில் தாம்பரத்தில் இறங்கி நேரே என்னிடம் வந்தான். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான். குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தான். குளித்துவிட்டு, தங்கச்சி வீட்டில் சும்மா உட்காரக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, காய் வாங்கி வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

வெகு நேரம் கழித்து வந்தான். பையைத் திறந்தால் ஒரு கிலோ கத்தரிக்காய், அதற்கு மேல் ஒரு மரத்தையே ஒடித்துப் போட்டதுபோலக் கறிவேப்பிலை.

"முதல்ல ஒண்ணும் தரல" என்றான், உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "கொசுறு இல்லையான்னு கேட்டேன். யாரு வூட்டுக்கு வந்துகிறன்னு கேட்டா. பச்சை கேட்டு, மாடின்னேன். 'அக்கா வூட்டு ஆளா? முதல்லயே சொல்லக் கூடாதா?'ன்னு திட்டிக்கிட்டே அள்ளிப் போடுதா. பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும்."

கத்தரிக்காயை நறுக்கி, எண்ணெயைக் காயவைத்து, கடுகைப் போட்டு, அந்தக் கறிவேப்பிலையில் ஒரு கொத்தை உருவிப் போட்டேன். அது படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் அடித்தது. அம்மா. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வந்துட்டேம்மா" என்றான் அண்ணன், எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி. "வீட்டுலதான் இருக்கேன். ஆமா, தங்கச்சி வீட்டுல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்காயை வாணலியில் தள்ளி, ஒரு தட்டால் மூடினேன். அப்புறம் அவனுக்குச் சோறு எடுத்து வைத்தேன்.