என் முதல் பாட்டும் காக்கிமாவின் ஜன்னலும்

போன வருடம் மழைக்காலம். அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் பகுதியில், என் வேலைக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் நானும் அம்மாவும் இருந்தோம். என் முதல் பாட்டை நானே எழுதி, வீட்டிலேயே பதிவு செய்துகொண்டிருந்தேன். சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவள் நான். தெருவில் கேட்ட வங்காளிக் கீர்த்தனை, இந்திப் பாட்டு, போனில் கேட்டுக் கிறங்கிய அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை எல்லாம் என் தொண்டையில் கலந்து கிடக்கும். "மாதா பாட்டும் இல்ல, சினிமா பாட்டும் இல்ல, என்னடி இது?" என்பார் அம்மா.

பாட்டு அப்பாவைப் பற்றியது. சிகிச்சைக்காக அம்மா அவரைச் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே அவர் இறந்தபோது இங்கே புயல். கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அடக்கத்தை வீடியோ காலில்தான் பார்த்தேன். அதைச் சொல்லும் கடைசிச் சரணம் வந்தாலே அழுது பாட்டை நிறுத்திவிடுவேன். மைக்கோ தோழியுடையது. நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் அது கப்பலில் அவளோடு மெயின்லேண்டுக்குப் போகவிருந்தது. அன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

இதில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வேறு. காக்கிமா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் சித்தி. நான் பாட ஆரம்பித்தால் போதும், படார் படாரென்று ஜன்னலையெல்லாம் சாத்துவார். தினமும் இதே கதை. 'நான் என்ன கழுதை மாதிரியா கத்துகிறேன்?' என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றும் சாத்தினார். அன்றும் கடைசிச் சரணத்தில் உடைந்துபோய் நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மெல்ல ஒரு ஹம்மிங். அட, என் மெட்டு! நான் விட்ட இடத்திலிருந்து, கீர்த்தனை மாதிரி இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். காக்கிமா வியர்வையில் குளித்து நின்றார்.

"க்யா ஹுவா, பேட்டி?" என்றார். என்ன ஆச்சு மகளே என்று என்னைக் கேட்கிறாராம்!

"ஏன் காக்கிமா எல்லாத்தையும் சாத்திட்டு வேகுறீங்க?" என்று இந்தியில் கேட்டேன்.

"எங்க வீட்டுச் சத்தம் உன் மைக்ல விழுந்துடும்ல? அதான் ஃபேனையும் நிறுத்திட்டேன்" என்றார் அவரும் இந்தியில்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தமிழ் எனக்குப் புரியாது. ஆனா தினமும் ஒரே இடத்துல அழுவுறே. அப்பாவுக்குத்தானே? எங்க அம்மா கல்கத்தாவுல தவறிப்போனப்ப எனக்கும் கப்பல் கிடைக்கல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையைப் பிடித்து இழுத்து வந்து அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் ஹம்மிங் கொடுக்க, நான் பாடினேன். இரண்டு பேரும்தான் அழுதோம், ஆனால் பாட்டு நிற்கவில்லை. அதை அப்படியே வெளியிட்டேன். அந்த இன்னொரு குரல் யாருடையது என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் காக்கிமா என்று பெருமையாகச் சொல்வேன்.

கடல் குறுக்கே கிடந்து அப்பாவின் முகத்தைக் கடைசியாக நேரில் பார்க்க முடியாமல் போன எனக்கு, சேர்ந்து அழ ஓர் ஆள் இத்தனை நாளும் பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறார் என்று நினைத்தால், இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.