இதுவா, இதுவுமா

என் மகளுக்கு வலிப்பு நோய். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவள், வேலை நேரத்தில் நின்றபடியே விழுந்தாள். அதிலிருந்து வீட்டோடுதான். வெயில் பட்டால் வலிப்பு வரும் என்று பயந்து, நான் ஜன்னலைக்கூடத் திறக்க விட்டதில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உடம்பில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார். அவர் கன்னடக்காரர். பொடிப் பாக்கெட்டைக் காட்டி, வாரத்துக்கு ஒன்று பாலில் கலக்கச் சொல்லி, "இதூ கொடி" என்றார். என் காதில் "இது கொடி", அதாவது இதைக் கொடுங்கள் என்றுதான் விழுந்தது. அப்போ பழைய மாத்திரை வேண்டாமா என்று திருப்பிக் கேட்கக் கூச்சம். பின்னால் அத்தனை பேர் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வலிப்பு மாத்திரையை அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

"ஏம்மா, மாத்திர எங்க?"

"அது வேணாமாம். இனி இதுதானாம்."

"நெசமா அப்படித்தான் சொன்னாங்களா?"

"எனக்குக் கன்னடம் தெரியாதா? நீ குடி."

மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயடியிலேயே சாய்ந்தாள். எப்போதும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். உதடு நீலமாகிவிட்டது. கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தது. ஓசூரில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது.

கண் விழித்ததும் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுவாரம் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ அம்மா! நான் 'இதூ'ன்னு சொன்னேன். அதூ கொடி, இதூ கொடி!"

நம் 'உம்'மை அவர்கள் அப்படி இழுத்துச் சொல்வார்கள். நாற்பது வருஷமாகக் காதில் விழுந்த பேச்சுதான். அந்த ஒரு இழுப்பை விட்டுவிட்டேன். அன்று கூச்சத்தை விட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டால் இந்தச் சத்து குறையுமாம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் இன்னும் குறையுமாம். பொடியால் வலிப்பு குறையலாம், உறுதி சொல்ல முடியாது. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது, காலை வெயிலில் உட்கார வையுங்கள் என்றார்.

மறுநாள் மாடிக்குக் கூட்டிப்போனேன்.

"என்னம்மா, என்னிய வடகம் மாதிரி காயப் போடுறியா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.