நேசமலரின் மரவள்ளி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சரோஜினிதேவியின் வீடு இருந்தது. கணவன் யோகநாதன் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். இரண்டு சின்னப் பிள்ளைகள். பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்கு அப்பால், ஆள் உயரத்துக்கு மேலே மரவள்ளி வளர்ந்து நின்றது. அது சரோஜினிதேவியின் அக்கா நேசமலருடையது. கலியாணம் செய்யாதவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

முன்பு அவள் தெற்கே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் மரவள்ளி இனங்களைக் கலந்து புது இனம் எடுக்கும் பகுதியில் இருந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவளுடைய குவாட்டர்சை எரித்தார்கள். சில கிழமை கழித்துச் சாமான் எடுக்கப் போனபோது எடுக்க எதுவும் இருக்கவில்லை. வயலுக்குள் இறங்கி இரண்டு இனத்தில் தடி வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு கொழும்பில் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினாள். அவளை ஓர் அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். மரவள்ளிப் பகுதியையும் மூடிவிட்டார்கள்.

அந்த இரண்டில் ஒன்று தொடை பருமனுக்குக் கிழங்கு வைக்கும். ஆனால் கசப்பு, நஞ்சும் அதிகம். மற்றது மாப்போல அவியும். ஆனால் இலைத்தேமல் நோய் பிடித்துக் குறண்டிப்போகும். இரண்டின் நல்லதையும் ஒரே செடியில் சேர்ப்பதுதான் அவளுடைய ஆசை. பூ விரியுமுன் பெண்பூவுக்கு மெல்லிய துணிப்பை கட்டுவாள். விரிந்ததும் மற்றதன் ஆண்பூவைக் கொண்டுவந்து தடவுவாள். காய்க்கு மூன்று விதை. ஒரே காயின் மூன்று விதையும் மூன்று விதமான செடியாக வரும். அதில் நல்லது ஒன்று தேறினால் அதன் தடியை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். தடி அழிந்தால் அந்த இனமே இல்லை; திரும்ப விதை போட்டு அதே செடியை எடுக்க முடியாது.

நஞ்சு பார்க்க அவளிடம் ஒரு முறை இருந்தது. பகுதியை மூடியபோது பண்ணை ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கிவந்த பிக்ரிக் அமிலத்தில் கடதாசிக் கீற்றுகளைத் தோய்த்து மஞ்சளாக்குவாள். கிழங்குத் துண்டு போட்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஒன்றைத் தொங்கவிட்டு மூடுவாள். சயனைட் கூடிய கிழங்கென்றால் மஞ்சள் செங்கல் நிறமாக மாறும். அவளுடைய விரல்நுனிகள் எந்நேரமும் மஞ்சளாக இருந்தன.

"அக்கா, இந்தக் கையோடயோ சோறு போடுறீங்கள்?" என்று சரோஜினிதேவி முகம் சுளிப்பாள்.

"கழுவினனான். இது போகாது."

தொண்ணூற்றைந்தில் ஒரு செடி தேறியது. தேமல் இல்லை. கிழங்கு பெரிது. கீற்று மஞ்சளாகவே இருந்தது. நேசமலர் அதை அவித்து எல்லாருக்கும் கொடுத்தாள். யோகநாதன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். அவள் தடி வெட்டி மதில் ஓரமாக ஒரு வரிசை நட்டாள். அடுத்த வருடம் ஆராய்ச்சிப் பண்ணைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. ஒரு விடியற்காலை ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு பொலிஸார் வந்தார்கள். நேசமலரின் அறையில் போத்தலும் குழாய்களும் மஞ்சள் கீற்றுகளும் இருந்தன. போத்தலில் இருந்த பெயரை இளம் அதிகாரி ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மற்றவர்களை வாசலுக்குப் பின்வாங்கச் சொன்னான். அது வெடிக்கக்கூடிய பொருள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"மேக்க மொகட்டத?" இது எதற்கென்று கேட்டான்.

நேசமலருக்குச் சிங்களம் நன்றாக வரும். சயனைட் பார்க்க என்று உண்மையைச் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வாசலில் நின்றவர்கள் துவக்கை நிமிர்த்தினார்கள். புலிகள் கழுத்தில் சயனைட் குப்பி கட்டியிருந்தார்கள் என்று தெரியாதவர் அந்த ஊரில் இல்லை.

அதிகாரி யோகநாதனின் பக்கம் திரும்பினான். யோகநாதன் பனியனோடு நின்றான்.

"எனக்கு ஒண்டும் தெரியாது, சேர். அவ தனியத்தான் இருக்கிறவ. நாங்கள் அந்த அறைக்குள்ள போறேல்லை" என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே, "ஆரோ வந்து தடி வாங்கிக்கொண்டு போறவை" என்றும் சொன்னான். அப்படி ஒருவரும் வந்ததில்லை.

நேசமலர் அவனைப் பார்த்தாள். சரோஜினிதேவி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

செடிகளில் சிலவற்றைச் சாட்சிக்கென்று பிடுங்கி ஜீப்பில் போட்டு, நேசமலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் கேட்டார்: "இந்தக் கிழங்கில் சயனைட் இருக்கிறதா இல்லையா?"

"எல்லா மரவள்ளியிலும் இருக்கு, சேர். அவிச்சால் போயிடும். உங்கட வீட்டில சாப்பிடுறதிலயும் கொஞ்சம் இருக்கு."

"என்னுடைய வீட்டைப் பற்றி நீ கதைக்காதே."

அவர் ஒரு கிழங்கை எடுத்துக் கத்தியால் சீவி மேசையில் வைத்தார். "சாப்பாடுதானே. சாப்பிடு."

கிழங்கோடு வந்த இலைக்காம்பின் சிவப்பைக் கண்டதும் அவளுக்கு விளங்கியது. அது கசப்பு இனம், பண்ணையிலிருந்து கொண்டுவந்த தாய்ச் செடி. பச்சையாகத் தின்னக்கூடாது. அதைச் சொன்னாள். நல்ல செடியின் கிழங்கைத் தந்தால் பச்சையாகவே தின்கிறேன் என்றாள்.

"அப்ப இது நஞ்சு" என்று இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னார். "எழுது."

"நஞ்சில்லை, சேர்."

"அப்ப சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். வாய் முழுக்கக் கசந்தது. கையளவு துண்டு முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை. பொழுதுபடும் நேரம் தலை சுற்றி, வாந்தி எடுத்து, சிறைக்கூடத்துத் தரையில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிலோடு கையை விலங்கிட்டார்கள். சந்தேகநபர் சயனைட் உட்கொண்டு தற்கொலைக்கு முயன்றார் என்று மேலிடத்துக்கு அறிவித்தார்கள். அதன்பிறகு அவளிடம் மரவள்ளி பற்றி யாரும் கேட்கவில்லை. முகாம் எங்கே, பொறுப்பாளர் யார் என்றுதான் கேட்டார்கள். கேட்டவிதத்தில் அவளுடைய இடது கை விரல்கள் இரண்டு பிறகு ஒருபோதும் மடங்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் தடுப்புக் காவலில் இருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி யோசெப்பின் அங்கேதான் பழக்கம். வவுனியாவிலிருந்து வந்த பொடியன் ஒருவனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்ததற்காகப் பிடிக்கப்பட்ட விதவை. இரவில் நேசமலரின் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துவிடுவாள். தங்கை ஒரு தரம் வந்து பார்த்தாள். யோகநாதன் வரவேயில்லை.

கிழங்கும் கீற்றும் சாதாரணமானவை என்று இரசாயன அறிக்கை வந்தபின், வழக்கு எதுவும் போடாமல் அவளை விட்டார்கள். வேலை போயிருந்தது. ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தாள். வீட்டுக்குள் போகாமல் பக்கவாட்டால் நடந்து பின்வளவுக்குப் போனாள். மதில் ஓரம் சீமெந்து போட்டிருந்தது.

சரோஜினிதேவி பின்னால் வந்து நின்றாள். "இவருக்குப் பயம், அக்கா. திரும்ப வந்து பார்த்தா என்ன செய்யிறது? எல்லாத்தையும் கிண்டி எடுத்தது."

"மதில் ஓரம் நிண்டதையுமோ?"

"ஓம். கிழங்கு கனக்க இருந்தது. வீணாக்கக் கூடாதெண்டு அவிச்சனாங்கள். பக்கத்து வீட்டுக்கும் குடுத்தனாங்கள். நல்ல மாக்கிழங்கு."

"தடியளை?"

"எரிச்சது."

"ஒண்டும் மிச்சமில்லையோ, சரோ? ஒரு முழம் போதும்."

"அவர்தான் நிண்டு எரிச்சவர். காயாத தடி, லேசில பிடிக்கேல்லை. மண்ணெண்ணெய் ஊத்தி எரிச்சவர்."

நேசமலர் சீமெந்தில் குந்தியிருந்தாள். அழவில்லை. தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதில் எறும்பு விழும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு எழும்பி, தன் உடுப்புகள் எங்கே என்று கேட்டாள். பொலிஸ் எடுத்தது போக மீதியை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், தனக்கு முன்பே விடுதலையாகியிருந்த யோசெப்பினின் வீட்டு மாடி அறையில் இருந்தாள். பழைய பண்ணைக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்தாள். அந்த வயலில் இப்போது சோளம். தாய் இனம் எதுவும் எங்கேயும் வைக்கப்படவில்லை என்றார்கள்.

அவள் உயிரியல் டியூஷன் கொடுத்துப் பிழைத்தாள். பூக்கும் தாவரங்கள் என்ற பாடத்தை மட்டும் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலடியில் நிற்பாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு யோகநாதன் குடும்பத்துக்குக் கனடா விசா கிடைத்தது. பயணம் சொல்ல அவன் கொட்டாஞ்சேனைக்கு வந்தான். யோசெப்பின் மேலே போய்க் கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"இருக்காங்க. ஆனா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

அவன் வெயிலில் தெருவோரம் நின்று மாடி ஜன்னலைப் பார்த்து, "மச்சாள், எனக்கு அப்ப சின்னப் பிள்ளையள் இருந்தவை" என்றான். அவன் வியர்க்க வியர்க்க வெகுநேரம் நின்றான். மாடியில் நேசமலர் கட்டிலில் உட்கார்ந்து, அவன் திரும்ப நடக்கும் செருப்புச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.